நான் போகாவிட்டால் யாருக்கு நிம்மதி?

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் பெரம்பலூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊர்வலம் வந்துவிடும். கையில் அட்டை, வாயில் 'வாக்களிப்பது நமது கடமை', தலைக்கு மேல் பங்குனி வெயில். ஆசிரியராக இருந்த காலத்தில் அந்த வரிசையின் ஓரமாக நானும் நடந்து, கோஷத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சுயஉதவிக் குழுப் பெண்கள் மை வைத்த விரலைக் கோலமாகப் போட்டு, கீழே நூறு சதவீதம் என்று எழுதியிருப்பார்கள்.

சட்டம் இவ்வளவு உரக்கப் பேசுவதில்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 79ஆவது பிரிவில், தேர்தல் உரிமை எது என்று விளக்கும்போது வாக்களிப்பதையும் வாக்களிக்காமல் இருப்பதையும் அருகருகே வைக்கிறது. ஆஸ்திரேலியாவில் வராதவருக்கு அபராதம் உண்டு, இங்கே கிடையாது. ஆகவே போகாமல் இருக்கலாமா என்று கேட்டால், தாராளமாக இருக்கலாம். எப்போது அது மனசாட்சி, எப்போது அது கறிக்குழம்பும் மதியத் தூக்கமும் என்பதுதான் என்னை விடாமல் அரிக்கிற விஷயம்.

தேர்தல் பணிக்குப் போனவர்களுக்கு ஒன்று தெரியும். வராதவர்கள் எல்லாரும் பட்டியலில் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் லீவு கிடைக்காதவர், செத்துப்போயும் பெயர் நீக்கப்படாதவர், இந்த அரசியலே ஆகாது என்று ஒதுங்கியவர், வரக்கூடாது என்று வழியிலேயே மிரட்டப்பட்டவர் என எல்லாருடைய பெயருக்கு நேரேயும் வெறுமைதான். மாலையில் சதவீதம் கணக்கிடும்போது கொள்கையும் அச்சமும் சோம்பலும் ஒரே கழித்தலில் போய்விடும்.

அந்த வெறுமையில் ஓர் எழுத்தாவது எழுத வைத்தது பழைய 49-ஓ. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் ஒன்று அது. வாக்காளர் சாவடியின் 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, நான் வாக்களிக்க விரும்பவில்லை என்று சொல்லலாம். தலைமை அலுவலர் அதைக் குறிப்பாக எழுதி, அதற்கு எதிரே மறுபடியும் கையெழுத்து வாங்க வேண்டும். கிராமத்துச் சாவடியில் இதற்கு என்ன துணிச்சல் வேண்டும் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எதிரே கட்சி முகவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மாமன், ஒருவர் பங்காளி. நீங்கள் யாருக்கும் போடவில்லை என்பது நீங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். ரகசியம் கெடுகிறது என்பதால்தான் 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் நோட்டா பொத்தான் வைக்கச் சொன்னது. சரியான தீர்ப்பு. ஆனாலும் பெயரைச் சொல்லி மறுப்பதில் இருந்த கம்பீரம் பொத்தானில் இல்லை என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. போதாததற்கு நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் வென்றவர்.

வாக்களிக்க மறுப்பதை அரசியலாகவே நடத்திக் காட்டியவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. செந்துறையைச் சுற்றிய கிராமங்களில் அது பாதி வரலாறு, பாதி உறவுக்காரர் கதை. நக்சல்பாரி இயக்கத்தின் வழியாக வந்த தமிழரசனுக்கும் தோழர்களுக்கும் தேர்தல் ஒரு ஏமாற்று. 'தேர்தல் பாதை திருடர் பாதை' என்ற சுவரெழுத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. அவர்கள் ஓட்டை மட்டும் மறுக்கவில்லை, ஆயுதத்தையும் எடுத்தார்கள். 1987 மார்ச்சில் மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வெடித்து மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்ததில், எந்த அரசியலும் அறியாத பயணிகள் செத்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளைக்கு வந்தவர்கள் என்று தமிழரசனும் தோழர்களும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். யாருக்காக எல்லாம் செய்வதாக நினைத்தார்களோ, அந்த ஊர் ஜனங்களின் நடுவில்.

அடுத்து வந்தவர் அங்கனூர்க்காரர். தொல். திருமாவளவனின் தலைமையில் விடுதலைச் சிறுத்தைகள் 1990களில் தேர்தலைப் புறக்கணித்தார்கள். சேரி ஜனங்களின் ஓட்டைக் கூட்டிக் கழித்துப் பெரிய கட்சிகள் பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. கேட்டால் கிடைக்காது, எனவே கொடுக்க மாட்டோம் என்ற அந்த மறுப்புக்கு எடை இருந்தது. கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள், எனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வலித்தது. 1999இல் அவர் மனம் மாறி, அரசு வேலையை விட்டு, மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் அணியில் சிதம்பரம் தொகுதியில் நின்றார். தோற்றார், ஆனால் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்குகள். அந்தத் தேர்தலிலும் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. ஓட்டே வேண்டாம் என்று அவர்கள் இருந்தவரை ஓட்டுக்காக யாரும் அவர்களை அடிக்கவில்லை. போடப் போனபோதுதான் அடி விழுந்தது. புறக்கணிப்பைப் பற்றி இதைவிடப் பெரிய பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

இருபது வருஷம் கழித்து, 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். மறுபடியும் அதே பொன்பரப்பி. திருமாவளவன் நின்ற பானைச் சின்னத்தை வைத்துக் கிளம்பிய தகராறில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. பலரால் வாக்களிக்கவே முடியவில்லை, மறுவாக்குப்பதிவு வேண்டும் என்று திருமாவளவன் கேட்டார். நடக்கவில்லை. சிதம்பரம் தொகுதியின் முடிவு நள்ளிரவு தாண்டியும் இழுத்து, கடைசியில் 3,219 வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். பக்கத்திலேயே பெரம்பலூர் தொகுதியில் அதே அணியின் பாரிவேந்தர் நான்கு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றிருந்தார். இங்கே நான் வீட்டில் தூங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அங்கே ஒவ்வொரு ஓட்டுக்கும் கதவு உடைபட்டது. இரண்டு தொகுதிக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் தூரம்தான்.

அன்றிலிருந்து ஓட்டுப் போடமாட்டேன் என்று யாராவது கொள்கை பேசினால் நான் ஒன்று மட்டும் கேட்பேன்: நீ போகாவிட்டால் யாருக்கு நிம்மதி?

மதுரை மாவட்டத்துப் பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துக்கு என்று ஒதுக்கப்பட்டதற்காக, 1996 முதல் 2006 வரை ஆதிக்கச் சாதியினர் தேர்தலை நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். மனுவே விழாது, விழுந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. பெயர் அதற்கும் புறக்கணிப்புதான். நிம்மதி யாருக்கு என்று கேட்டால் போதும், வேஷம் கலைந்துவிடும். கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கேள்விதான். 2005 இலங்கை அதிபர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. புறக்கணிக்கச் சொல்லிப் புலிகள் பக்கமிருந்து வந்த குரல் அப்படி. அதற்குப் பின்னால் அச்சமும் இருந்தது. மகிந்த ராஜபக்ச சுமார் 1,80,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நான்கு வருஷத்துக்குள் வன்னியில் நடந்ததை நாம் அறிவோம். எதிர்த்து நின்ற ரணில் வந்திருந்தால் நடந்திருக்காதா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் முடிவு வந்தபோது கொழும்பில் நிம்மதிப் பெருமூச்சு விட்டது யார் என்பதில் சந்தேகமில்லை.

காஞ்சிபுரம் பக்கத்து ஏகனாபுரம் வேறு. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலமும் ஊரும் போகும் என்று 2022இலிருந்து போராடிய ஜனங்கள், 2024 நாடாளுமன்றத் தேர்தலில் சாவடியை ஏறக்குறையக் காலியாக விட்டார்கள். அதிகாரிகள் வந்து சமாதானம் பேச வேண்டியிருந்தது. ஊரே கிட்டத்தட்ட ஒன்றாக ஒதுங்கியது, காரணத்தை வருஷக்கணக்காகச் சொல்லிவிட்டு ஒதுங்கியது. யாருக்கும் அங்கே நிம்மதி இல்லை. எங்கள் பக்கத்திலும் இப்படி ஒதுங்க நியாயம் இருந்தவர்கள் உண்டு: ஜெயங்கொண்டம் நிலக்கரித் திட்டத்துக்கு 1990களில் நிலத்தைக் கொடுத்துவிட்டு, திட்டமும் வராமல், சரியான விலைக்குக் கோர்ட்டு கோர்ட்டாக அலைந்த குடும்பங்கள். அவர்களில் பலரும் ஒவ்வொரு தேர்தலிலும் வரிசையில் நின்றார்கள். ஏன் என்று கேட்டால், போகாவிட்டால் நாம இருக்கறதையே மறந்துடுவானுங்க சார், என்பார்கள். மறுக்க எனக்கு வாய் வந்ததில்லை.

காசு விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். கவரை வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடாமல் இருப்பது துரோகம் என்று நம்புகிற நேர்மையாளர்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு அந்த நேர்மைகூட இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

அண்ணன் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். எந்தக் கட்சியும் யோக்கியமில்லை, அடுத்த தேர்தலுக்கு ஊருக்கு வரமாட்டேன் சித்தப்பா, இது என் எதிர்ப்பு என்றான். வராமல் இரு, ஆனால் ஒரு வாரம் முன்னாடி வந்து ஏன் வரமாட்டேன் என்று டீக்கடையில் நின்று சொல்லிவிட்டுப் போ என்றேன். அதெல்லாம் எதற்கு, பேஸ்புக்கில் போட்டால் ஆகாதா என்கிறான். போடட்டும். ஊரில் ஒரு கட்சிக்காரனாவது போன் செய்து திட்டுகிறானா என்று பார்ப்போம்.