ஏறிய படிகளின் கணக்கு

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணியில், முருகன் கோயில் அமைந்த மலைக்கு ஏறிச்செல்லும் படிகள் 365. ஆண்டின் நாள்களை அவை குறிக்கின்றன என்பது மக்கள் வழக்கு. அப்படிகளில் சுமையோடு ஏறும் ஒருவரைக் காணும்போதெல்லாம் பள்ளி இயற்பியல் பாடம் ஒன்று என் நினைவுக்கு வரும். அதனோடு ஓர் அறக்கேள்வியும் எழும்: பிறர் உழைப்பை அளக்க நமக்கு என்ன தகுதி?

விசையை, அதன் திசையில் கடந்த தொலைவால் பெருக்கினால் கிடைப்பது வேலை. விசை மாறாதவரை இக்கணக்கு எளிது. மாறினால்? வணிகர் ஒருவர் 40 கிலோ தேங்காயுடன் மலையேறுகிறார் எனக் கொள்வோம். எளிமைக்காக, ஏறும் உயரம் 50 மீட்டர், ஒரு கிலோவைத் தூக்க 10 நியூட்டன் விசை என வைப்போம். முதல் 10 மீட்டர் முழுச்சுமை. வழிக்கடை ஒன்றில் பாதியை இறக்கிவிட்டு, அடுத்த 20 மீட்டரை 20 கிலோவோடு ஏறுகிறார். மீண்டும் பாதியை இறக்கி, எஞ்சிய 10 கிலோவோடு கடைசி 20 மீட்டரைக் கடக்கிறார்.

அடிவாரத்தில் மட்டும் அவரைப் பார்த்தவர், சுமைக்காகச் செய்த வேலை 20,000 ஜூல் என்பார். உச்சியில் மட்டும் பார்த்தவர் 5,000 என்பார். இரண்டுக்கும் நடுவே 12,500 என்று சமரசம் செய்பவரும் தவறுகிறார். உண்மை விடை 4,000, 4,000, 2,000 ஆக 10,000 ஜூல். விசை கணந்தோறும் மாறுமாயின், பாதையை மிகச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் வேலையையும் கண்டு கூட்ட வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் வளர்த்த தொகை நுண்கணிதத்தின் உட்கருத்து இதுவே.

இதே திருத்தணியில் 1888-இல் பிறந்த மெய்யியல் அறிஞர் டாக்டர் இராதாகிருஷ்ணனின் பிறந்த நாளாகிய செப்டம்பர் 5-ஐ ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். ஆசிரியனாயிருந்த எனக்கு அந்நாள் ஒரு பழைய தவற்றையும் நினைவூட்டும். இறுதித் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஒரு மாணவனைச் சோம்பேறி என்றேன். விடியலில் வீடுவீடாகப் பால் ஊற்றி, நோயுற்ற தாய்க்குச் சமைத்து வைத்துவிட்டு அவன் வகுப்புக்கு வந்த நாள்கள் என் கணக்கில் சேரவில்லை. உண்மை எனக்குத் தெரிந்தபோது அவன் படிப்பையே விட்டிருந்தான். உச்சியில் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவன் நான்.

வேலை எனும் அளவைக்கு 1829-இல் தெளிவான வரையறை தந்த பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ், இயந்திரங்களின் பயனைக் கணக்கிடவே அதனைக் கையாண்டார். அவ்வளவையின்படி, சுமையைத் தாங்கியவாறு அசையாமல் நிற்பவர் அதன்மேல் செய்யும் வேலை சுழியம். இயந்திரத்துக்கு அது சரி. ஆனால் நோயாளியின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருப்பவரின் உழைப்பையும் சுழியம் என்போமா? ஆகவே, படிப்படியாகக் கூட்டிய பிறகும் கணக்கில் வராத ஒன்று மனிதரிடம் எஞ்சவே செய்கிறது.

திண்ணையில் ஓய்ந்திருக்கும் தந்தையை, பாகப்பிரிவினையின்போது வெறுங்கையோடு நிற்கும் அக்காளை, நாம் எளிதில் எடைபோட்டு விடுகிறோம். கூட்டிப் பார்க்க ஒவ்வொரு படியின் சுமையும் தெரிய வேண்டும். அதற்கு உடன் ஏறியிருக்க வேண்டும். உடன் ஏறாதவர், தீர்ப்புச் சொல்லுமுன் இதையேனும் கேட்கட்டும்: “கீழிருந்து எவ்வளவு சுமந்து வந்தீர்கள்?”