கடவுள் பெயரால் கொலையா?

கடவுள் உண்டென நம்பி, அந்நம்பிக்கையினால் தம் வாழ்வை நெறிப்படுத்திக்கொள்ள முயலும் மக்களுக்கு, நாத்திகர் விடுக்கும் வினாக்கள் பெருந்துன்பம் விளைப்பதில்லை. அவற்றுக்கு இயன்ற விடை கூறலாம், இயலாதவிடத்து மௌனமாயிருக்கலாம். ஆனால் அக்கடவுளின் பெயரையே உரக்கக் கூவி ஒருவன் குற்றமற்ற மக்களைக் கொன்று குவிப்பானாயின், அச்செயல் எழுப்பும் வினாவுக்கு முன் மௌனமாயிருத்தல் தகாது. அவன் எடுத்தாண்ட பெயர், நாம் நாள்தோறும் கைகூப்பி உச்சரிக்கும் பெயராதலின், அவ்வினா நம்மை நோக்கியே விடுக்கப்படுகின்றது.

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு. அன்று காலை இலங்கையில் கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பைச் சார்ந்த கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், தலைநகரின் மூன்று பெரிய ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250-க்கு மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் தேவாலயத்தில் மாண்டோருள் ஞாயிறு பள்ளிக்கு வந்திருந்த சிறுவர் சிறுமியர் பலர். அந்தோனியார் ஆலயமோ, கத்தோலிக்கரேயன்றிப் பிற மதத்தினரும் நேர்த்திக்கடன் வைத்து வணங்கிச் செல்லும் இடம். இக்கொடுமைக்குத் தலைமை தாங்கிய காத்தான்குடி சஹ்ரான் ஹாஷிம் என்பவன் தன் பகைமைப் பிரசங்கங்களை எம்மொழியில் நிகழ்த்தினான்? நாம் தாலாட்டுக் கேட்ட தமிழ்மொழியில். ஆதலின், இஃது எங்கோ கடல் கடந்து நிகழ்ந்த அயலார் செய்தி என்று இந்நாட்டுத் தமிழர் தள்ளிவிட இயலாது.

இத்தகைய கொடுமை நிகழ்ந்ததும் நம்பிக்கையாளர் வாயில் முதலில் எழும் விடை ஒன்றுண்டு. ‘அவன் மெய்யான பக்தன் அல்லன், எம் மதத்துக்கும் அவனுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை’ என்பதே அது. 1948 ஜனவரி 30-இல், பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நடந்து சென்ற காந்தியடிகளை இந்து ஒருவன் சுட்டுக் கொன்றபோது இந்துக்கள் பலர் அவ்வாறு கூறினர். 1994 பிப்ரவரி 25-இல், ஹெப்ரோன் நகரில் தொழுதுகொண்டிருந்த 29 முஸ்லிம்களை யூத மருத்துவன் ஒருவன் சுட்டுக் கொன்றபோது யூதர் பலர் அவ்வாறு கூறினர். 2019-இல் முஸ்லிம்களும் கூறினர். இக்கூற்றைப் பொய்யென்று யான் சொல்லேன். கோடிக்கணக்கான நல்லோரின் நெஞ்சறிந்த உண்மை அது. ஆயினும் அது பாதி விடையே. கொலைஞன் வானத்தினின்று குதித்தவனல்லன். ஏதோ ஒரு மண்டபத்தில் அமர்ந்து அவன் பாடங் கேட்டான். பின் ஏதோ ஒரு மேடையில் நின்று பாடஞ் சொன்னான். கேட்டோருள் சிலர் தலையசைத்தனர். பலர் முகஞ்சுளித்து வீடு சென்றனர். மகவை இழந்த தாய்க்கு நாம் விடை கூறவேண்டியது அம்மண்டபத்தைப் பற்றியே.

இனி, பகுத்தறிவு பேசும் நண்பர் கூறுவதைக் கேட்போம். ‘நோயின் வேர் மதமே, வேரைக் கல்லி எறிக’ என்பர் அவர். கடவுளை மறுத்த ஆட்சிகளும் இரத்தவெள்ளம் பெருக்கினவே என்று ஸ்டாலினையும், 1975 முதல் 1979 வரை கம்போடியாவை ஆண்ட போல் பாட்டையும் காட்டி நாம் அவர் வாயை அடைக்கலாம். ஆனால் அயலான் திருடினான் என்று காட்டுவதால் என் வீட்டுத் திருட்டு மறைந்துவிடுமோ? அந்நண்பர் கூற்றில் உண்மை ஒன்றுண்டு. சாதாரணக் கொலைஞன் இருளில் ஒளிகின்றான். செய்தது தவறென்று அவன் உள்மனம் அறியும். கடவுள் ஏவினார் என்று நம்பிக் கொல்பவனுக்கோ வெட்கமில்லை, ஐயமில்லை, இரக்கமுமில்லை. மறுமையில் பரிசு கிட்டும் என்ற மகிழ்ச்சியோடு கொல்கின்றான். மனிதனை அடக்கிவைக்க வேண்டிய இறைப்பற்று அவனிடத்தில் அடங்காமைக்கு அனுமதிச் சீட்டாகிவிடுகின்றது. இவ்வாபத்து இல்லாத மதம் ஒன்றுமில்லை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

அஃது எவ்வாறு நிகழ்கின்றது? தோட்டத்து மக்கள் அறிந்த உவமை ஒன்றால் விளக்குவேன். பழைய நாளில், துரையின் பங்களாவை எட்டியும் பாராத தொழிலாளிக்குத் துரையின் விருப்பம் கங்காணி வாயிலாகவே தெரியவரும். நல்ல கங்காணிகள் பலர் இருந்தனர். தீயவனோ, தன் பகையைத் தீர்த்துக்கொள்ள ஒருவனை அடித்துவிட்டு, ‘துரை உத்தரவு’ என்பான். உண்மை அறிய ஆபீசுக்குப் போகத் துணிந்தவனை முதலில் மிரட்டுவான். பொய் உத்தரவின் அடையாளம் இதுவே. ஆராயப்படுவதை அஃது அஞ்சும். கிராணி வேலை பார்ப்போர் இதனை நன்கறிவர். நேரிய உத்தரவைக் கொணர்ந்தவன், ‘கையொப்பத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பான். மற்றவன், ‘என்னையா சந்தேகிக்கிறீர்?’ என்று சினப்பான். கடவுளின் பெயரால் பகைமை போதிப்பவனும் தன்னை வினவுவோனை மதத்துரோகி என்கின்றான். தன் வெறுப்பும் கடவுளின் விருப்பமும் ஒன்றே என்று துணிந்தபின், அவன் வணங்குவது தன்னையே அன்றோ?

‘தன் உயிரையும் கொடுத்தானே, அது பக்தியாகாதா?’ என்று மயங்குவோர் உண்டு. சீயோன் தேவாலயத்துக் குழந்தைகளின் உயிர் அவனுடைய உடைமையோ, அவன் எடுத்துக் காணிக்கை செலுத்த? பிறர் பொருளைத் திருடி உண்டியலில் இட்டவனை வள்ளல் என்பாருண்டோ? உயிரைப் படைத்தவர் கடவுளே என்று மெய்யாக நம்புவோனுக்கு, அயல் மதத்துச் சிறுமியும் அவர் படைப்பே. அவளைக் கொன்று அவரை மகிழ்விக்கலாம் என்பது, மகளைக் கொன்று தந்தையிடம் சன்மானம் கேட்பதை ஒக்கும்.

ஆயின் நம்பிக்கையாளன் செய்யத்தக்கது யாது? காத்தான்குடி முஸ்லிம்களிடமே இதற்கு விடை உண்டு. 2017 மார்ச்சில் சஹ்ரானின் கூட்டத்தார் அவ்வூரில் சூபி வழியினரோடு மோதினர். குண்டுகள் வெடிப்பதற்கு நெடுநாள் முன்பே, அவன் போதனையின் கேட்டை உணர்ந்த முஸ்லிம்கள் அவனைப் பற்றிப் போலீசாரிடம் முறையிட்டனர். தம் மதத்தான் ஒருவன்மீது தாமே புகார் கூறுதல் எளிய செயலன்று. உறவும் ஊரும் பகையாகும். அதிகாரத்திலிருந்தோர் போதிய அளவு செவிசாய்த்திலர். முன்னெச்சரிக்கை கிட்டியும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டுமென 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் முறையிட்டோர் தம் கடனைச் செய்தனர். கொலை நிகழ்ந்தபின் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவதினும், நிகழுமுன் எழுந்து நின்று ‘இது பொய் உத்தரவு’ என்று கூறுதல் பன்மடங்கு பெரிது.

கொலைக்குப் பின்னும் ஒரு சோதனை உண்டு. 2019 மே மாதத்தில் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கின. முஸ்லிம் ஒருவர் கொல்லப்பட்டார். ஒருவன் செய்த குற்றத்தை அவன் மதத்தார் அனைவர் தலையிலும் சுமத்தியது அக்கும்பல். குண்டு வைத்தோர் நடத்திய கணக்கும் அதுவே. தம் மக்களைப் பறிகொடுத்த கார்டினல் மல்கம் ரஞ்சித்தோ, நீர்கொழும்பில் கலகம் மூண்டபோது, முஸ்லிம்கள்மீது கை வைக்காதீர் என்று கத்தோலிக்கரைக் கேட்டுக்கொண்டார். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, தாக்கியோரின் உடல்களை அடக்கத்துக்கு ஏற்க மாட்டோம் என அறிவித்தது. ஒருவர் பழிவாங்கத் துடித்த தம்மவரைத் தடுத்தார். மற்றோர் கொலை செய்த தம்மவரை விலக்கினர். இருசாராரும் கடிந்தது தம் வீட்டாரையே.

நாமும் நம் வீட்டைப் பார்ப்போமாக. கோவில் திருவிழா மேடையிலும், காப்பிக்கடை மேசையிலும், அயல் மதத்தாரை ஒருவர் இழித்துப் பேசுங்கால் நாம் யாது செய்கின்றோம்? சிரிக்கின்றோம், அல்லது, ‘நமக்கேன் வம்பு?’ என்று எழுந்து செல்கின்றோம். வெடிமருந்து கடைசியில் வருவது. அதற்கு நெடுங்காலம் முன்பே சொல் வந்துவிடுகின்றது. அச்சொல் நம் கடவுளின் பெயரால் நம் முன்னிலையில் பேசப்படும்போது, ‘ஐயா, இஃது ஆண்டவன் உத்தரவன்று’ என்று கூறும் துணிவு நமக்கு வேண்டும். கூறினால் சபையில் சிலர் முகந்திருப்புவர். நம் வீட்டு விசேஷத்துக்கு வாராதொழிவர். அவ்விழப்பை ஏற்க மனமில்லாதவன், நாளை ஒரு பெருங்கேடு விளைந்தபின், ‘அவனுக்கும் எம் மதத்துக்கும் சம்பந்தமில்லை’ என்று கூற எவ்வுரிமை உடையன்? அன்பர்கள் சிந்திப்பார்களாக.