பொதுக் காடும் தனியின்பமும்

எல்லார்க்கும் பொதுவாகிய பொருளை ஒருவன் தன் இன்பத்தின்பொருட்டுச் சிதைத்தற்கு உரிமையுடையனோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அரசினர் வனத்துறையின் ஆட்சிக்குட்பட்ட தேசியக் காடுகளும் புல்வெளிகளும் ஏறக்குறைய 19 கோடி ஏக்கர் பரப்பின. அவை குடிகள் அனைவர்க்கும் உரியன. சாலையை வேண்டாது மேடும் பள்ளமும் கடந்தோடும் மோட்டார் வண்டிகள் (இவற்றை வழியிலூர்தி என்போமாக, தக்க பெயர் இன்னும் அமைந்திலது) பெருகியமையின், 1972-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் குடியரசுத் தலைவர் நிக்சன் ஓர் ஆணை பிறப்பித்தார். மண்ணும் நீர்நிலையும் மரஞ்செடிகளும் கெடுதலும், விலங்குகள் அலைப்புறுதலும் இயன்றவளவு குறையுமாறு ஊர்திகட்குரிய இடங்களை வரையறுக்க என்பது அதன் கருத்து. 1977-இல் கார்ட்டர் அதனைத் திருத்தி, பெருங்கேடு விளைகின்றதெனக் கண்ட இடத்தை உடனே அடைக்க என விதித்தார்.

அற்றேல், "காடு எமக்கும் உரியதன்றோ? யாம் எவ்வுயிரையும் நலியக் கருதிலேம். ஒரு வண்டி ஒருகாற் சென்றதனால் யாது குறையும்?" என வினவுவாருமுளர். அவர் கருத்துத் தூயதென்றே கொள்வாம். யூட்டா முதலிய பாலைப் பகுதிகளில் நுண்ணுயிர்களும் பாசிகளும் பின்னிப் பிணைந்து மெல்லிய தோல்போல் மண்ணைப் போர்த்து, அது காற்றிற் பறவாமற் காத்து நிற்கும். சக்கரம் ஒருமுறை உருண்டால் அத்தோல் நொறுங்கும். மீண்டு கூடுதற்குப் பல பதிற்றாண்டுகள் வேண்டும். ஊர்ந்தவனோ அதனைக் கண்டிலன். புழுதி அடங்குமுன் நெடுந்தொலைவு போயினான். அவன் சுவட்டைக் கண்டு மற்றொருவன் செல்வான். பின்னர் நூற்றுவர் செல்வர். கேடு கண்கூடு, செய்தவன் இன்னானென்று சுட்டுதல் அரிது. செய்தபின் ஒறுத்தல் இங்குப் பயன்படாதாகலின், விதி செயலுக்கு முற்பட்டே நிற்றல் வேண்டும்.

2005-ஆம் ஆண்டு நவம்பரில் வனத்துறை வகுத்த விதி இந்நெறியிலமைந்தது. அதற்குமுன் பல காடுகளில் 'தடுக்கப்படாத இடமெல்லாம் செல்லலாம்' என்றிருந்தது. அவ்விதியோ, வழிகளைக் குறித்துப் படம் வெளியிட்டபின், 'குறிக்கப்பட்ட இடத்தன்றிச் செல்லலாகாது' என்றது. யான் இதனையே இவ்வழக்கின் உயிர்நிலையாகக் கொள்வேன். முன்னையதில் தன் கேட்டைக் காடு மெய்ப்பித்தல் வேண்டும், அதற்கு வாயில்லை. பின்னையதில் நுகரப் புகுவோன் தன் நுகர்ச்சி தீங்கற்றதெனக் காட்டல் வேண்டும்.

நடக்கமாட்டாத முதியோர்க்கும் உடற்குறையுடையார்க்கும் இது கொடுமையன்றோ எனின், இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் குறித்த வழிகளில் ஊர்தி விலக்கப்பட்டிலது. நடக்கவியலாதார்க்கென்றே அமைந்து வீட்டினுள்ளும் வழங்கத்தக்க சக்கர நாற்காலியை, மின்னாற்றலான் இயங்குவதாயினும், அவ்விதி மோட்டார் வண்டியென எண்ணவில்லை.

இனி, விதியிருந்தும் காப்போன் வாளாவிருப்பின் என் செய்வது? யூட்டாவிலே இயற்கை நிலை கெடாமற் காத்தற்குரிய நிலங்களில் ஊர்திகளைத் தடுத்திலரென நிலத்துறையினர்மேல் ஒரு சங்கத்தார் வழக்கிட்டனர். 2004 ஜூனில் உச்ச நீதிமன்ற நடுவர் அனைவரும் ஒருமுகமாக, சட்டம் தனித்துச் சுட்டி விதித்த செயலையே நீதிமன்றம் செய்விக்கலாம், பொதுக் கடமையை மேற்பார்த்து நடத்தவியலாது என்றனர். சட்ட நெறிக்கு அஃது ஒக்கும். ஆயின் கேடு கண்டவுடன் அடைக்க என்னும் கார்ட்டரின் ஆணை, காணவே விரும்பாத அதிகாரியின்முன் யாது செய்யும்?