கடிகாரமும் தன்மானமும்

தோட்டத்தில் பிறந்து நகரத்தில் உத்தியோகம் பெற்ற நம் இளைஞரிடையே ஒரு கேள்வி எழுந்துள்ளது. முதன்முதலாக நல்ல ஊதியம் காணும் ஒருவன், கடலில் மூழ்குவோருக்கென ஆக்கப்படும் விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றை வாங்கலாமா? வாங்குவதாயின் கடையிற் புதிதாக வாங்குவதா, பிறர் கட்டிய பழையதை வாங்குவதா? 'இஃதும் ஒரு கேள்வியா?' எனப் பெரியோர் சிலர் நகைப்பர். நகைத்து விலக்கத்தக்கதன்று இக்கேள்வி. ஒருவன் தன் உழைப்பின் பயனை எவ்வாறு செலவிடுகிறான் என்பதில், அவன் தன்னை எவ்வாறு மதிக்கிறான் என்பதும் அடங்கியிருக்கிறது.

முதலில், நமக்கும் கடிகாரத்துக்கும் உள்ள உறவை நினைத்துப் பார்ப்போம். 1896-ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பார் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களில் வெட்டுக்கத்தி ஏந்தியவர் பெரும்பாலும் நம்மவரே. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆகவே விடியுமுன் தப்பு முழங்கிற்று, பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டது. மணி பார்க்கும் கருவி துரையிடமும் கிராணியிடமும் இருந்தது. அம்மணிக்குக் கட்டுப்பட்ட உடல் நம்முடையதாக இருந்தது. 1942-இல் ஜப்பானியர் இந்நாட்டைப் பிடித்தபொழுது டோக்கியோவின் நேரமே மலாயாவின் நேரம் என்றாயிற்று. தோட்டங்களினின்று பல்லாயிரவர் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டனர். தம் நேரம் தமதாக இல்லாதிருந்த அம்மக்களின் பேரன் ஒருவன், நல்லதொரு கடிகாரத்தைத் தன் மணிக்கட்டில் காண விரும்பினால், 'உனக்கெதற்கு இது?' என்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? அது சிக்கனத்தின் குரலன்று. 'இன்ன குலத்தார் இன்னதே அணிய வேண்டும்' என்று சொல்லி, மேலாடைக்கும் காற்செருப்புக்கும் தடை விதித்த பழைய கட்டளையின் எதிரொலியே அது.

ஆயினும், உரிமை உண்டு என்பதனாலேயே ஒரு செயல் அறிவுடையதாகி விடாது. வாங்கும் பொருள் யாது என்பதை அறிந்து வாங்க வேண்டும். 1953-இல் பிளாங்பெயின் நிறுவனம் பிரெஞ்சுப் படையின் முக்குளிப்பு வீரர்களுக்கென ஒரு கடிகாரம் செய்து, அதற்கு 'ஐம்பது பாகம்' எனப் பொருள்படும் பெயரை இட்டது. பாகம் என்பது மன்னார்க் கடலில் கல்லைப் பற்றி இறங்கிய நம் முத்துக்குளிப்போர் ஆழம் அளந்த அளவேயாம். ரோலெக்ஸ் நிறுவனத்தின் சப்மரீனர் தோன்றியதும் அக்காலத்திலேதான். ஆகவே இவை பிறப்பில் தொழிலாளியின் கருவிகளே. செல்வரின் அணிகலனாக மாறியது பிற்காலத்தில். இன்று கடலில் இறங்குவோர் பெரும்பாலும் மின்னணுக் கருவியையே நம்புகின்றனர். மணி காட்டும் செம்மையிலும் ஒன்றை மறைக்க வேண்டுவதில்லை. சுருள்வில்லால் ஓடும் கடிகாரம் நாளொன்றுக்குச் சில விநாடிகள் முந்துவதும் பிந்துவதும் இயல்பு. ஐம்பது வெள்ளிக்குக் கிடைக்கும் படிகக் கடிகாரமோ மாதம் முழுதும் ஓடியும் பதினைந்து விநாடியளவே பிழைக்கும்.

அங்ஙனமாயின் எஞ்சிய ஆயிரங்களை எதற்காகக் கொடுக்கிறோம்? இரண்டிற்காக. ஒன்று, நுண்ணிய கைத்தொழிலின் அழகு. மற்றொன்று, பிறர் கண்ணில் கிடைக்கும் மதிப்பு. முன்னதை விரும்புவது குற்றமன்று. வீணையை விரும்புவதும் நூலை விரும்புவதும் போன்றதே அது. பின்னதுதான் நம்மை ஏமாற்றுவது. பிறர் கண்ணிலிருந்து வாங்கிய மதிப்பு, அவர் கண்ணைத் திருப்பியவுடன் போய்விடும். தன்மானம் தன்னிடத்தே இருப்பது, கடையில் விற்கப்படுவதன்று.

கணக்கையும் பார்ப்போம். இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நாற்பதாயிரம் வெள்ளி விலையுள்ள கடிகாரம், அத்தகைய தொழிலாளி ஒருவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உண்ணாமல் உடுக்காமல் உழைத்த கூலிக்கு ஒப்பாகும். நம் இளைஞன் அதனினும் மிகுதியாகச் சம்பாதிக்கலாம். ஆனால் தவணைக் கடனில் அதை வாங்குவானாயின் நிகழ்வது யாது? தன் வருங்கால மணிகளைக் கடன்காரனுக்கு விற்று, மணி காட்டும் கருவியை வாங்குகிறான். பாட்டனின் நேரம் துரைக்கு உரியதாயிற்று; பேரனின் நேரம் வட்டிக்கு உரியதாகிறது. தப்பு முழங்காததொன்றே வேற்றுமை!

இனி, புதிதோ பழையதோ என்னும் வினா. பணத்தைப் பற்றி ஏதும் எண்ணாமலே பழையதைத் தள்ளுவோர் நம்மிடையே உளர். 'இன்னொருவன் கட்டிய பொருளை நான் கட்டுவதா?' என்பது அவர் கூற்று. தோழர்களே, இச்சொல்லைச் சற்று உற்றுப் பாருங்கள். பிறன் தொட்டதனால் ஒரு பொருள் தாழ்ந்துவிட்டது என்னும் எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? தீட்டு என்று சொல்லி நம்மையே ஒதுக்கிவைத்த அந்த எண்ணத்தை, எஃகுக்கும் கண்ணாடிக்கும் நாமே பொருத்துவது தகுமா? மனிதன் தொடுவதால் பொருள் தாழ்வதில்லை.

ஆனால் பழையதை வாங்குவோன் அது வந்த வழியைக் கேட்டே தீர வேண்டும். மலாக்கா நகரின் நடுவே 1886-இல் எழுப்பப்பட்ட டான் பெங் சுவீ மணிக்கூண்டு நிற்கிறது. 1982-இல் அதன் பழைய ஆங்கிலக் கடிகாரத்தை நீக்கி, ஜப்பானியக் கடிகாரம் ஒன்றைப் பொருத்தினர். ஜப்பானியர் ஆட்சியின் கொடுமையை மறவாத முதியோர் அதனை வெறுத்தனர். புதிய கடிகாரம் மணியைச் சரியாகத்தான் காட்டிற்று. ஆயினும் அவர்கள் பார்த்தது மணியை மட்டுமன்று. பொருளுக்கு ஒரு வரலாறு உண்டு; கைக்கடிகாரத்துக்கும் அப்படியே. திருட்டுப் பொருளாயின், விலை எத்தனை மலிவாயினும் அதைத் தொடலாகாது. வரிசை எண்ணும் கொள்முதல் தாளும் ஒத்திருக்க வேண்டும். போலிகள் மலிந்த காலம் இது. உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் ஆண்டுகள் செல்ல இறுகிவிடும். நீர் அழுத்தச் சோதனை செய்யாது கடலில் இறங்குவது பேதைமை. பழுதுபார்க்கும் செலவையும் விலையோடு கூட்டிக் கொள்க. அடகில் மூழ்கிய பொருளாயின், ஒருவரின் இடுக்கண் அதனுள் உறங்குகிறது. ஏலத்தில் முறைப்படி எடுப்பது பாவமன்று. ஆனால் விற்பவரின் அவசரத்தைக் கண்டு அடிமாட்டு விலை பேசுவது அறமன்று.

ஆகவே நம் முடிவு இது. முழுப் பணமும் சேர்த்து, வீட்டின் கடமைகளும் தீர்ந்து, நிறுவனத்தாரின் உறுதிமொழி வேண்டுவோன் புதியதை வாங்குக. அத்துணைப் பணம் இல்லாதோன், வந்த வழி தெரிந்த பழையதைக் கைப்பொருள் கொடுத்து வாங்குக. அதில் இழிவு ஏதுமில்லை. கடன்பட்டு இரண்டையும் வாங்கற்க.

இக்கடிகாரங்களின் முகத்தைச் சூழ்ந்து ஒரு வளையம் உண்டு. நீருள் கழிந்த நிமிடங்களைக் காட்டும் அது, பெரும்பாலும் ஒரு பக்கமாகவே சுழலும். தற்செயலாக இடிபட்டு நகர்ந்தாலும், எஞ்சிய நேரத்தைக் குறைத்துக் காட்டுமேயன்றிக் கூட்டிக் காட்டாது. மூழ்குவோன் சற்று முன்னரே மேலேறுவான், உயிர் பிழைப்பான். நம் செலவும் அவ்வாறு அமைக. கணக்குப் பிழைத்தாலும், அது நம்மைக் கரைசேர்க்கும் பக்கமாகவே பிழைக்கட்டும்.