நிற்பவள்

டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் வெர்மீரின் ஓவியம் ஒன்று இருக்கிறது. 1670 வாக்கில் டெல்ஃப்ட் நகரில் தீட்டியது. சீமாட்டி ஒருத்தி மேசைமேல் குனிந்து கடிதம் எழுதுகிறாள். அவளுக்குப் பின்னால் பணிப்பெண் கைகட்டி நின்றபடி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேசைக்கு முன்னே தரையில் கசங்கிய காகிதமும் சிவப்பு முத்திரையரக்கும் சிதறிக் கிடக்கின்றன. வந்த கடிதத்தைக் கசக்கி எறிந்தாளோ, எழுதியது பிடிக்காமல் எறிந்தாளோ.

மறுமலர்ச்சிக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஃபிளாண்டர்ஸ் ஓவியர் ஒருவர் எழுதும் பெண்ணைத் தனியே உட்காரவைத்து வரைந்தார். வெர்மீர் இன்னொருத்தியையும் அறைக்குள் கூட்டிவந்தார். எனக்கு அதுதான் பெரிய காரியமாகப் படுகிறது.

சீமாட்டியின் இடக்கண்ணில் ஊசி குத்திய தடம் இருக்கிறது. அங்கே ஊசியடித்து, நூல் கட்டித்தான் அறையின் கோடுகளை இழுத்திருக்கிறார் என்கிறார்கள். ஜன்னலும் சுவரும் நம் பார்வையை அந்தக் கண்ணுக்கே கொண்டுபோகின்றன. ஆனாலும் என் கண் நிற்பவளிடம்தான் போகிறது. எழுதி முடித்ததும் கடிதத்தைக் கொண்டுபோக வேண்டியவள் அவளாகத்தான் இருக்கும். அதுவரை அவளுக்கு வேறு வேலை கிடையாது, உட்காரவும் முடியாது. ஒருத்தியின் மனசு ஆற இன்னொருத்தியின் மத்தியானம் முழுக்கப் போகிறது.

நான் எழுத உட்கார்ந்தால் வீட்டில் டிவி சத்தம் குறையும். வாசலுக்கு வருபவரை யாரோ போய்ப் பேசி அனுப்புவார்கள், அடுப்பில் பாலை யாரோ பார்த்துக்கொள்வார்கள். தனிமை என்று நான் சொல்வதை எனக்காக இன்னொருவர் வெளியே நின்று காவல் காக்கிறார். அவருக்கும் உட்கார்ந்து யோசிக்க ஏதாவது இருக்காதா? அவர் உட்காரும்போது நான் எழுந்து நிற்கிறேனா?

வெர்மீர் 1675 டிசம்பரில் இறந்தார். மனைவி கத்தரினா போல்னெஸ், 11 பிள்ளைகள், கடன். மறு மாதமே ரொட்டிக்கடை பாக்கி 600 கில்டருக்கு மேல் இருந்ததற்காக ஹென்ட்ரிக் வான் பைட்டனிடம் இரண்டு ஓவியங்களைக் கொடுத்தார் கத்தரினா. அவற்றில் ஒன்று இதுதான் என்று கருதுகிறார்கள். ஆண்டுக்கு 50 கில்டர் வீதம் கடனை அடைத்தால் திருப்பித் தருவதாக ஒப்பந்தம். அத்தனை நாள் கடனுக்கு ரொட்டி கொடுத்தவர், மேலும் 12 ஆண்டு பொறுத்திருக்கவும் சம்மதித்திருக்கிறார். இந்த ஓவியத்துக்காகக் காத்து நின்றவர்களில் அந்த ரொட்டிக்காரரையும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.