விலையில்லாப் பொருளுக்கும் கடன் உண்டு

விலை கொடாது பெற்ற பொருளுக்கு நாம் கடன்பட்டவர்களா? படமோ பாடலோ இயக்க நம்மில் பலர் கணினியில் பயன்படுத்தும் வி.எல்.சி. என்னும் மென்பொருளை எண்ணிப் பார்ப்போம். 1996-இல் பாரிசு நகரின் அருகே பொறியியல் பயின்ற மாணவர்கள், வளாக வலையமைப்பில் ஒளிக்காட்சி காண்பதற்கெனத் தொடங்கிய முயற்சி அது. 2001-இல், கல்லூரியின் இசைவோடு, அதன் மூலநிரலையும் உலகுக்குத் திறந்து வைத்தனர். எவரும் பயன்படுத்தலாம், படித்தறியலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். திருத்தி வழங்குபவர், தாம் பெற்ற அதே உரிமையைப் பெறுபவருக்கும் அளித்தல் வேண்டும் என்பதே அன்று அவர்கள் இட்ட நிபந்தனை.

இதில் ஓர் அறம் பொதிந்துள்ளது. கொடுத்தவர் தமக்கென எதையும் கேட்கவில்லை. அடுத்து வருபவருக்காகவே கேட்கிறார். அடுத்தவருக்குக் கொடுக்கும்போதே இக்கடன் தீர்கிறது.

'நிரல் எழுத அறியாத நான் எதைக் கொடுப்பேன்?' என்று வினவலாம். வெறுமனே பயன்படுத்துவோரிடம் அந்நிபந்தனை ஒன்றும் கேட்பதில்லை என்பது உண்மையே. ஆயினும், நாம் அறிந்ததை அண்டை வீட்டு முதியவருக்குப் பொறுமையுடன் கற்பிக்கலாம்; பிழை கண்டால் உருவாக்கியோருக்குத் தெரிவிக்கலாம்; இயன்றால் சிறு நன்கொடை அனுப்பலாம். விலை இல்லை என்பதனால் பொறுப்பும் இல்லை என்றாகிவிடாது. கை நீட்டிப் பெற்ற நாம், அதே கையை யாருக்கு நீட்டப் போகிறோம்?