உடன்படுதல் என்னும் வினை

தீவினை ஒன்றைத் தானே செய்தல், பிறரை ஏவிச் செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் நம் ஆன்றோர் ஒரே வரிசையில் வைத்து எண்ணினர். முதலிரண்டும் எளிதில் விளங்கிவிடும். மூன்றாவதே கற்றோரையும் மயங்கச் செய்வது. பல்கலைக்கழகம் ஒன்று அரசின் அணு ஆய்வகத்தோடு கூட்டுச் சேரும்போது, எதற்கு உடன்பட்டது, எதற்கு உடன்படவில்லை என்று பிரித்துக் கூற இயலுமா? அமெரிக்க நாட்டில் நடந்துவரும் ஒரு முயற்சியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அந்நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ள ஐடஹோ மாநிலத்தில், அணு ஆற்றல் ஆராய்ச்சிக்கென ஒரு தேசிய ஆய்வகம் உள்ளது. 1951 டிசம்பர் 20 அன்று அங்கிருந்த சிறிய உலையின் மின்சாரத்தால் நான்கு விளக்குகள் எரிந்தன. அணுவிலிருந்து பயன்தரு மின்சாரம் பிறந்தது அன்றுதான். அம்மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் மூன்று இவ்வாய்வகத்தோடு சேர்ந்து நடத்தும் ஆற்றல் ஆய்வு மையத்துக்கு 2009-இல் ஐடஹோ ஃபால்ஸ் நகரில் தனிக் கட்டடம் எழுந்தது. மாணவர் அங்கே பேராசிரியரிடமும் ஆய்வக அறிஞரிடமும் ஒருங்கே பயில்கின்றனர். கல்வி வளர இது நல்வழி என்பதில் ஐயமில்லை.

நம் கேள்வி எழுவது அங்குள்ள ஓர் உலையிலிருந்து. 1967 முதல் இயங்கிவரும் உயர்நிலைச் சோதனை உலை அது. ஓர் உலோகத் துண்டை அதனுள் வைத்தால், மின் உலையில் பல ஆண்டுகளில் நியூட்ரான்களால் நேரும் சிதைவைச் சில மாதங்களிலேயே கண்டறியலாம். மின் உலைகளைப் பாதுகாப்பாக இயக்க இவ்வறிவு இன்றியமையாதது. 2007 முதல் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் அவ்வுலை திறந்துவிடப்பட்டது. எனினும் அது கட்டப்பட்ட முதன்மை நோக்கம் கடற்படையின் அணுக்கப்பல்களுக்கு வேண்டிய எரிபொருளையும் பொருள்களையும் சோதிப்பதே. இன்றும் பெரும்பகுதி அதற்கே பயன்படுகிறது. புற்றுநோய் மருத்துவத்துக்கான கோபால்ட்-60 என்னும் பொருளும் அதிலேயே உண்டாக்கப்படுகிறது. மாணவனின் துண்டு ஒருபுறம், போர்க்கப்பலின் துண்டு ஒருபுறம், நோயாளிக்கான மருந்துப்பொருள் ஒருபுறம். மூன்றையும் தாக்கும் நியூட்ரான்கள் ஒரே யுரேனியத்திலிருந்து பிறப்பவை!

"என் துண்டு வேறு, கடற்படையின் துண்டு வேறு, எனக்கும் போருக்கும் தொடர்பில்லை" என மாணவன் கூறலாம். எண்ணத்தைக் கொண்டே வினையை அளக்க வேண்டும் என்பார்க்கு இவ்விடை போதும். கொல்லும் எண்ணம் அவனிடம் இல்லை. மாறாக, உலை வெடியாமல் காக்கும் அறிவைத் தேடுகிறான். நாட்டைக் காப்போர் கடமையை இல்லறத்தார் முற்றிலும் பழிப்பதும் தகாது. ஆயினும் எண்ணத் தூய்மையைக் காட்டி இவ்வழக்கை முடித்துவிட என் மனம் இசையவில்லை. எண்ணங்கள் மூன்றாகப் பிரியலாம். எரிந்து தீர்ந்த எரிபொருள் அவ்வாறு பிரியாது. இது மருத்துவத்தின் கழிவு, இது படையின் கழிவு, இது கல்வியின் கழிவு என்று எவரால் பங்கிட முடியும்?

அவ்வாறாயின் பல்கலைக்கழகம் விலகிவிட வேண்டுமா? விலகுவதால் உலை அணைந்துவிடாது. வெளிப்படையாக ஆய்ந்து வெளியிடும் கண்கள் குறையும், அவ்வளவே. தன் கையில் கறை படாமல் இருந்தால் போதும் என்று ஒதுங்குவதும் ஒருவகைத் தன்னலம் என்றே எனக்குத் தோன்றுகிறது. உடன்படாத இடத்தில் உடன்படவில்லை என்று வாய்திறந்து சொல்லும் உரிமையைக் காத்துக்கொண்டு உள்ளே இருப்பதே கடினமானது.

அக்கடினத்தை ஏற்றவர் முன்னரும் இருந்தனர். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கப் படிக்கட்டுகளின் கீழே என்ரிகோ ஃபெர்மி முதல் அணுத் தொடர்வினையை நிகழ்த்தினார். அதே பல்கலைக்கழகத்தின் போர்க்கால ஆய்வகத்தில் பணிசெய்த ஜேம்ஸ் ஃபிராங்க், லியோ சிலார்ட் முதலியோர் 1945 ஜூன் மாதம் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். ஜப்பான் மீது முன்னறிவிப்பின்றிக் குண்டு வீசலாகாது, மக்கள் வாழாத ஓரிடத்தில் அதன் ஆற்றலை உலகுக்குக் காட்டலாம் என்பது அவர்கள் வேண்டுகோள். அரசு செவிசாய்க்கவில்லை. ஆகஸ்டில் இரு நகரங்கள் அழிந்தன. அறிக்கையோ 1946-இல்தான் பொதுமக்கள் கண்ணுக்கு வந்தது. குண்டின் ஆக்கத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதை மறுக்க முடியாது. அவ்வாறு பயன்படுத்தியதற்கு அவர்கள் உடன்படவில்லை என்பதும் ஏட்டில் நிலைத்துவிட்டது.

ஐடஹோவில் பயிலும் மாணவனுக்கு இவ்வரலாற்றைப் பேராசிரியர் கற்பிக்க வேண்டும். துண்டு உலைக்குள் செல்லுமுன்னரே, அருகில் எவருடைய துண்டு இருக்கிறது, எரிந்த யுரேனியம் பின்னர் எங்கே போகும் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்வி அம்மாநிலத்தில் வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. ஆய்வக நிலத்தின் அடியில் ஸ்னேக் ஆற்றுச் சமவெளியின் பெரும் நிலத்தடி நீர்நிலை பரந்துள்ளது. உழவர் பாசனத்துக்கும் குடிநீருக்கும் மக்கள் அதையே நம்பியுள்ளனர். அவ்வச்சத்தால் எழுந்த வழக்குகளின் முடிவில், 1995-இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. எரிந்து தீர்ந்த எரிபொருள் முழுவதையும் 2035-க்குள் மாநிலத்தைவிட்டு அகற்ற வேண்டும் என்பது அதன் விதி. நாட்டில் அதற்கு நிலையான இடம் இன்னும் அமையவில்லை. உடன்படிக்கையில் கையொப்பமிட்டோர் மாநில அரசு, கடற்படை, எரிசக்தித் துறை ஆகிய மூவரே. பல்கலைக்கழகம் எதுவும் அதில் கையொப்பமிடவில்லை.